ஃப்ரீசரில் ஒரு பொட்டலம் அதிகம்

"இது யாரு வச்சது?"

ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். வெண்புகை மூக்குக்கண்ணாடியில் படிந்துவிட்டதால் கையில் இருந்த பொட்டலத்தைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"எது?" என்றாள் மனைவி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொட்டலம்."

"பொட்டலம் வைக்கத்தான அந்தப் பெட்டி? துணியா காயப்போடுவாங்க?"

"லேபிள் இல்ல."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மற்ற வீடுகளில் கூரை இல்லை என்றால் எப்படியோ, அந்த வீட்டில் லேபிள் இல்லை என்றால் அப்படி.

அவர் ஒரு மூடித் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பாட்டில் மூடியைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு குமிழி வந்தால் போதும், மொத்தப் பெட்டியும் வந்த வழியே திரும்பிப் போகும். தொழிற்சாலையில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். வேலைக்கு நல்ல குணம்தான். கஷ்டம் என்னவென்றால், மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது இந்தக் குணத்தையும் சேர்த்து மாட்ட அவருக்கு ஓர் ஆணி கிடைக்கவில்லை. ரொட்டி வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். யாராவது சிரித்தால் எதற்கு என்று பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு வேக்குவம் மெஷின் கிடைத்தால் என்ன ஆகும்? மீனையோ கறியையோ பையில் போட்டு, பையின் வாயை மெஷினில் வைத்து அழுத்தினால், அது உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டுச் சூட்டில் வாயை ஒட்டிவிடும். காற்று இல்லாததால் ஃப்ரீசரில் காய்ந்து வெளுக்காது, மாதக்கணக்கில் கெடாது. தான் பிறந்ததே இதற்குத்தான் என்பது போல மனிதர் இறங்கிவிட்டார்.

விடுமுறை என்றால் சந்தை. மீனை ஈரத்தோடு பையில் போட்டால் மெஷின் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும், ஒட்டு பிடிக்காது. அதனால் துடைத்து, தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் இறுக விடுவார். பிறகு பையின் வாயை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு துண்டுகளை உள்ளே இறக்குவார். முள்ளும் எலும்பும் பையைக் குத்தாதபடி முனைகளில் காகிதம் மடித்து வைப்பார். ஒட்டி முடித்ததும் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார். கடைசியில் லேபிள். என்ன மீன், உடம்பில் எந்தப் பகுதி, எந்தக் கடை, எந்த நாள், எல்லாம் அதில் இருக்கும். நம்ம கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு விவரம் போடவில்லையே என்பாள் மனைவி.

இப்போது அவர் கையில் இருந்ததில் ஒரு வரிகூட இல்லை.

"நீங்களே மறந்து வச்சிருப்பீங்க," என்றாள்.

"இது என் வேலை இல்ல." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஒட்டு கோணல். துண்டெல்லாம் வால் பக்கம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. வெட்டினவனுக்குப் பொறுமை இல்ல, ஒட்டினவனுக்குப் பொறுப்பு இல்ல."

"அவ்வளவும் பொட்டலத்துல தெரியுதா?"

"பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "இது ஹோட்டல் வெட்டு."

மனைவியின் முகம் மாறியது. ஹோட்டல் என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். அவளுடைய தம்பி ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அறை கிடைக்கும்வரை என்று பெட்டியோடு வந்தவன், அறையும் கிடைக்காமல், அக்காவும் தேடவிடாமல், அங்கேயே தங்கிவிட்டான். அம்மா இல்லாத பிள்ளையை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"என்ன சொல்ல வரீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஹோட்டல்ல பெரிய மெஷின் இருக்கும். கறியும் மீனும் மூட்டை மூட்டையா வரும். ஒரு பொட்டலம் குறைஞ்சா யாருக்குத் தெரியும்?"

"என் தம்பி தீக்குச்சி வேணும்னாக்கூடக் கேட்டுட்டு எடுக்கறவன்."

"நாளைக்கு ஹோட்டல்காரன் போலீஸோட வந்து நின்னா? ஃப்ரீசர் யாரோடதுன்னு கேப்பான்."

"ஃப்ரீசருக்கு யாரும் பத்திரம் எழுதி வைக்கல," என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள். அதன் பிறகு வெங்காயம் கொஞ்சம் வேகமாகவே உரிந்தது.

பேசிப் பயனில்லை என்று அவர் முடிவு செய்தார். திருட்டுச் சரக்கு வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பொட்டலத்தை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

எதிர்வீட்டில் இருந்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் வீட்டில் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விடுவதால் ஒரு சாவி அந்த அம்மாவிடம் இருக்கும். தண்ணீர் கேன் வந்தால் வாங்கி வைப்பார், குழாய் ரிப்பேர்காரன் வந்தால் கூட நின்று பார்த்துக்கொள்வார். உலகத்தில் ஆய்வாளர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். சந்தேகப்பட ஒரு காரணமும் இதுவரை சிக்கவில்லை.

"நர்ஸம்மா, கொஞ்சம் மீன். வச்சுக்குங்க."

சந்தை நாளில் மிஞ்சியதை அக்கம்பக்கத்துக்கு எப்போதும் கொடுப்பவர்தான். நர்ஸம்மா பையைத் திறந்து பார்த்தார். "ஏன் சார், உங்களுக்கு?"

"எங்களுக்கு வேணாம்."

"நல்ல மீன்தான?"

"நல்லதாத்தான் இருக்கும். நீங்க சாப்பிடுங்க."

நர்ஸம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையின் காதை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே ஃப்ரீசரில் லேபிள் இல்லாத பொட்டலம் மறுபடியும் இருந்தது. இந்த முறை துணைக்கு இன்னொன்றும் வந்திருந்தது.

அவர் மைத்துனனைக் கவனிக்கத் தொடங்கினார். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பையைப் பார்ப்பார். பை தடித்திருந்தால் சந்தேகம். மெலிந்திருந்தால், வழியிலேயே எங்கோ இறக்கிவிட்டான் என்று கூடுதல் சந்தேகம்.

"என்ன மச்சான், பையையே பாக்கறீங்க?"

"நல்ல பை. எங்க வாங்கின?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதான்."

யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வழி தோன்றியது. இடம் இருந்தால்தானே வைப்பான்? ஃப்ரீசரை ஊசி நுழையாதபடி நிரப்பிவிட்டால்? அடுத்த விடுமுறையில் சந்தைக்குப் போனவர், தன் தோள் உயரத்துக்கு ஒரு மீனும், ஆட்டுத்தொடையும், கோழிகளும் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, உனக்கெதற்கு அது என்று பதில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மைத்துனன் கத்தியோடு வந்து நின்றான். "மச்சான், குடுங்க, நான் ஒரு நிமிஷத்துல வெட்டித் தரேன்."

"வேணாம். நீ கை வைக்காம இருந்தா அதுவே பெரிய உபகாரம்."

அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

சாயங்காலம் வரை மெஷின் ஓயாமல் உறுமியது. ஃப்ரீசர் நிரம்பிய பிறகும் மேடையில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. வால் துண்டுகள், கோணலாக வெட்டுப்பட்டவை, நிறம் மங்கல் என்று அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவை. களைப்பில் அவற்றை வழக்கம்போல அப்படியே அள்ளிப் போட்டு ஒட்டி, வீட்டை விட்டுப் போகிற சரக்குக்கு லேபிள் ஒரு கேடா என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கீழ்வீட்டுத் தையல்காரருக்கு ஒரு பங்கு, அடுத்த தெருவில் இருந்த தொழிற்சாலை ஸ்டோர்கீப்பருக்கு ஒரு பங்கு.

ஸ்டோர்கீப்பர் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வச்சுக்கிட்டீங்களா சார்?" என்றார்.

"நான் வால் பக்கம் தொடறதில்ல."

"ஓ," என்றார் ஸ்டோர்கீப்பர். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சில நாள் நிம்மதியாகப் போயிற்று. ஒரு மாலை மனைவி வேலை முடிந்து வந்து சமையலறையில் கால் வைத்தவள், வழுக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தரையெல்லாம் தண்ணீர். மேல் கதவு இடுக்கில் ஒரு பொட்டலம் துருத்திக்கொண்டு நின்றது. அதனால் கதவு சரியாக மூடாமல், உள்ளே இருந்த அத்தனையும் இளகிப்போய் இருந்தது. துருத்திய பொட்டலத்தில் லேபிள் இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் சில அதே மாதிரி.

"பாத்தியா?" என்றார் அவர். குரலில் வருத்தத்தைவிட வெற்றி அதிகமாக இருந்தது. "இடமே இல்லாத இடத்துல திணிச்சிருக்கான்."

"இடமே இல்லாமப் பண்ணது யாரு?"

இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்பது அவரே வீட்டுக்கு வகுத்த சட்டம். ஆகவே காலையில் மீன், மத்தியானம் கறி, ராத்திரி கோழி. மைத்துனன் ஹோட்டலில் நாளெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு வந்து வீட்டிலும் நின்றான். தாளித்தான், வதக்கினான், வறுத்தான். அக்கா ஓய்ந்துபோனாள் என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்தான்.

லேபிள் இல்லாததைச் சமைத்த தட்டு மேசைக்கு வந்தபோது ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாப்பிடுங்க மச்சான்."

"முதல்ல நீ சாப்பிடு."

"நான் அப்புறம்..."

"இல்ல. நீ முதல்ல."

அவன் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். ஆய்வாளர் அவன் முகத்தைப் பார்த்தார். மனைவி ஆய்வாளர் முகத்தைப் பார்த்தாள். அவன் மென்று விழுங்கி, உப்பு கொஞ்சம் கம்மி என்றான். ராத்திரி நன்றாகத் தூங்கினான், காலையில் பாடிக்கொண்டே குளித்தான்.

"ஒண்ணும் ஆகல பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"எப்படி ஆகும்? திருடினவனுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. "அவன் நம்ம வீட்டுல சாப்பிடற சோத்தையே எண்ணிப் பாக்கற மாதிரி ஆயிட்டீங்க," என்றாள். அவருக்கும் உள்ளே எங்கோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு குமிழியைக் கண்ட பிறகு மூடி நல்ல மூடிதான் என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஃப்ரீசரைத் துடைத்து, புதிதாக வாங்கி, ஒழுங்காக லேபிள் ஒட்டி மறுபடி அடுக்கினார்; மிஞ்சிய துண்டுகள் வழக்கம்போல அக்கம்பக்கத்துக்குப் போயின. கொஞ்ச நாளில் மறுபடியும் லேபிள் இல்லாதவை முளைத்தன. இந்தத் தடவை ஆட்டுக்கறியும் இருந்தது. அவர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் நர்ஸம்மாவுக்கும் தையல்காரருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

தையல்காரர் ஊசியை வாயில் கவ்வியபடியே கேட்டார். "சாப்பிட்டுப் பாத்தீங்களா சார்? எப்படி இருக்கு?"

"நான் எங்க சாப்பிட்டேன்? நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க."

தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

கொடுக்கக் கொடுக்கக் குறைய வேண்டியது, கொடுக்கக் கொடுக்கக் கூடியது. நான்கு கொடுத்தால் ஐந்து வந்து உட்கார்ந்தது. இது ஒருவன் வேலை அல்ல, பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போலீஸ், விலங்கு, தொழிற்சாலை வாசலில் கூடி நிற்கும் சக ஊழியர்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு மத்தியான இடைவேளையில், தெருமுனைக் கடையின் போனிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மைத்துனனின் ஹோட்டல் மேனேஜருக்குப் பேசினார்.

"உங்க ஸ்டோர்ல கறி குறையுதான்னு பாருங்க. சின்னச் சமையல்காரன் பையையும் பாருங்க."

"நீங்க யாரு?"

"நல்லது நினைக்கறவன்."

மறுநாள் மைத்துனன் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்து, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அக்காவும் மச்சானும் வந்தபோதும் அப்படியே இருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்டோர் கணக்கு பாத்து முடிக்கிற வரைக்கும் வரவேணாம்னு சொல்லிட்டாங்க. யாரோ போன் பண்ணி நான் திருடறேன்னு சொன்னாங்களாம். எல்லார் முன்னாடியும் என் பையக் கொட்டிப் பாத்தாங்க அக்கா."

"யாரு பண்ணது?"

"தெரியல. நேத்து மத்தியானம் வந்துச்சாம். மூக்கால பேசினாப்ல இருந்துச்சாம்."

மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். ஆய்வாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றாள்.

"இல்லையே."

"நேத்து மத்தியானம் பிடிச்சிருந்துச்சா?"

மைத்துனன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மச்சான், என்கிட்டயே கேட்டிருக்கலாமே," என்று மட்டும் சொன்னான். எழுந்துபோய்த் துணிகளை அந்தப் பையில் அடுக்கினான். வீட்டுச் சாவியை மேசை மேல் வைத்தான்.

மனைவியும் ஒரு பெட்டியை எடுத்தாள். "நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும். அவன் இந்த வீட்டுக்குள்ள தலை நிமிர்ந்து வரட்டும். அப்புறம் யோசிக்கறேன்."

"அத்தனை பொட்டலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீயாவது சொல்லேன்."

"எங்கேர்ந்து வந்தா எனக்கென்ன? அது குளிர்ல இருந்துச்சு. நான் உங்ககூட இருந்தேன்."

அவர்கள் போன பிறகு வீடு சுத்தமாக அடங்கிவிட்டது. அவர் ரொட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே தின்றார். அவளுடைய நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தான் செய்தது தப்போ என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது. அதை அவர் ஒரு முழு நாள் வைத்திருந்தார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து ஃப்ரீசரைத் திறந்தார். லேபிள் இல்லாத பொட்டலங்கள் புதிதாக இரண்டு.

சத்தியமாகச் சொன்னால், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவியை மேசையில் வைத்தானே, என்ன நடிப்பு, மாற்றுச் சாவி செய்துகொண்டுதான் வைத்திருக்கிறான். அந்த நிமிடமே புறப்பட்டு, மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவர் கிளினிக்குக்குப் போனார். அவள் முன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கிய ஒருவர் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ போன பிறகும் வருது," என்று குனிந்து சொன்னார்.

"வலியா?" என்றார் கன்னம் வீங்கியவர்.

"உங்ககிட்ட பேசல. பொட்டலம். நேத்து இல்ல, இன்னைக்கு ரெண்டு. இதுக்கு மேலயும் உன் தம்பி இல்லன்னு சொல்லுவியா?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். இதுவரை இல்லாத ஒரு சின்னக் கலக்கம் அவள் கண்ணில் ஓடியது. அதை அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் கண்ணால பாக்கணும்," என்றாள்.

"பாக்கலாம். நாளைக்கு லீவு போடு. நானும் போடறேன். ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சிருப்போம்."

"அவன்தான்னா, அவன் முகத்துல முழிக்கமாட்டேன். அவன் இல்லன்னா?"

"இல்லன்னா என்ன?"

"அந்த ஹோட்டலுக்கு நேரா போயி, எல்லார் முன்னாடியும், மூக்கைப் பிடிக்காம, நான்தான் போன் பண்ணேன், நான் சொன்னது பொய்னு சொல்லணும். அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். சரின்னா நானும் வருவேன்."

"சரி," என்றார். தோற்கிற பந்தயம் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, வழக்கம்போல வேலைக்குக் கிளம்புகிற மாதிரி அவர் வாசல் கதவைப் பூட்டிவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார். மனைவி அங்கே ஏற்கெனவே காத்திருந்தாள். சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் துடைப்பத்துக்கும் பழைய அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நெருக்கமாக அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

"தூசியா இருக்கு," என்றாள் அவள் மெதுவாக. "எல்லாத்தையும் பரிசோதிக்கறீங்க, இத ஒரு நாள் பெருக்கக் கூடாதா?"

"உஷ்."

"கால் மரத்துப் போச்சு."

"உஷ்."

"அவன் வரமாட்டான். எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "வரமாட்டான்ல?" என்றாள்.

அவருக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் உதறவில்லை.

அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அவள் விரல்கள் அவர் கையில் இறுகின. காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டியது. தயக்கமில்லாத, வீட்டை நன்றாகத் தெரிந்த காலடி. சமையலறைக்குள் வந்தது. பிளாஸ்டிக் பை சரசரத்தது. ஃப்ரீசர் கதவு பக்கென்று பிரிந்து திறந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். ஒரு துடைப்பமும் இரண்டு அட்டைப் பெட்டிகளும் அவரோடு சேர்ந்து பாய்ந்தன. ஃப்ரீசருக்குள் நீண்டிருந்த கையை மணிக்கட்டோடு பிடித்தார்.

"மாட்டினியா!"

"கைய விடுங்க சார், குளுருது," என்றார் நர்ஸம்மா.

வார்டில் எத்தனையோ பேர் திடீரென்று கையைப் பிடித்ததைப் பார்த்தவர் அவர். கொஞ்சமும் பதறவில்லை. இன்னொரு கையில் ஒரு பெரிய பை. அதில் வால் துண்டுகளும் ஆட்டுக்கறியும் நிரம்பி வழிந்தன.

ஆய்வாளர் கையை விட்டார். ஆனால் சந்தேகத்தை விடவில்லை. "நர்ஸம்மா, நீங்களும் அவனுக்குக் கூட்டா?"

"எவனுக்கு?"

மனைவி ஸ்டோர் ரூமிலிருந்து தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள். பையைப் பார்த்தாள், நர்ஸம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் திரும்பியது. "என் தம்பி இல்ல," என்றாள். அதை இரண்டு முறை சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "சட்டைய மாத்திக்கிட்டு வாங்க. ஹோட்டல்ல இப்ப எல்லாரும் இருக்கற நேரம்," என்றாள்.

"இரு, இரு." அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நர்ஸம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "இந்தக் கறியெல்லாம் யாரோடது? எவன் குடுத்து அனுப்பறான்? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்."

நர்ஸம்மா அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து எல்லாமே நீங்க குடுத்ததுதான் சார். தையல்காரர், ஸ்டோர்கீப்பர், நான், மூணு பேருமே தொடல. சாவி இருக்குன்னு அவங்களும் என்கிட்டயே குடுத்துட்டாங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு நான்தான் சத்தமில்லாம கொண்டாந்து வச்சேன். எதையும் மோந்து பாக்காம வாயில வைக்காத நீங்களே சாப்பிடாம எங்களுக்குக் குடுக்கறீங்கன்னா, அத நாங்க எந்த தைரியத்துல சார் சாப்பிடறது?"